கிட்டார் வால்வு ஆம்ப்: ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி ஒரு விளக்கம்

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடினால் வால்வு ஆம்ப்ளிஃபையர் பற்றிய பேச்சு வராமல் போகாது. ‘வால்வு வாட் டிரான்சிஸ்டர் வாட்டைவிடப் பெரியது’ என்பார் ஒருவர். ‘வால்வில் இரட்டைப்படை ஹார்மோனிக் வரும், அதனால்தான் காதுக்கு இதம்’ என்பார் இன்னொருவர். ‘வாக்ஸ் ஏசி30 சுத்தமான கிளாஸ் ஏ’, ‘நல்ல வால்வாகப் பார்த்து மாற்றினால் ஆம்ப்பே மாறிவிடும்’ என்றும் கேட்டிருப்பீர்கள். இந்த நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் விதத்தில் நான்குமே தவறு.

கண்ணாடிக் குழாய் மின்னுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் ஓசைக்கான பெருமை முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறோம். உண்மையில் அந்த ஓசை வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், பவர் சப்ளை, ஸ்பீக்கர் ஆகிய நான்கும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதால் பிறக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும். வடிவமைப்பாளரின் வேலை அந்த உறவைக் கணக்குப் போட்டு அமைப்பதுதான்.

கிட்டார் ஆம்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. கிட்டாரிலிருந்து வரும் சிறிய மின்குறிப்பைப் பெருக்கி, பாஸ், டிரெபிள் திருகுகள் வழியாக அனுப்புவது பிரீஆம்ப். அந்தக் குறிப்பைக் கொண்டு ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைத் தருவது பவர் ஆம்ப். இங்கே பேசப்போவது பவர் ஆம்ப் பற்றி மட்டும்.

வால்வுக்குள் நடப்பது

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவர் திருகைச் சுற்றிப் பலகையை ஒரு சாண் தூக்குகிறார். அவர் கைக்கு ஆகும் வேலை கொஞ்சம்தான். வாய்க்காலில் பாய்ந்து வயலை நிரப்புவது ஏரித் தண்ணீர். பலகையை அவர் ஒரு தாளத்தில் ஏற்றி இறக்கினால், வாய்க்கால் நீரும் அதே தாளத்தில் கூடிக் குறையும். அவர் கைவலிமை வெள்ளமாக மாறவில்லை. ஏரியில் தேங்கிய வலிமை அவர் கை சொன்னபடி நடந்தது. ஆம்ப்ளிஃபையர் செய்வதும் அதுவே: சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை, கிட்டார் சொன்னபடி நடக்க வைக்கிறது.

வால்வுக்குள் காற்று கிடையாது. நடுவில் கேத்தோடு என்ற உலோகக் குழல் நிற்கிறது. அதன் உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பி அதைச் சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும்போது, மேலே பூசிய பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. வெளிச்சுற்றில் பிளேட் என்ற உலோகத் தகடு. அதற்குச் சில நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்திருப்பதால் எலெக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையில் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றிய கிரிட். கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் தள்ளப்பட்டு ஓட்டம் குறையும். அந்த எதிர்மின்னழுத்தத்தைத் தளர்த்தினால் ஓட்டம் கூடும். மதகுப் பலகை இந்தக் கிரிட்தான். எலெக்ட்ரான்கள் அதில் உட்காராமல் இடைவெளி வழியாகப் போய்விடுவதால், அதை அசைக்கக் கிட்டத்தட்டச் சக்தியே தேவையில்லை.

இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃப்ளெமிங் 1904-இல் உருவாக்கிய வால்வில் கேத்தோடும் பிளேட்டும் மட்டுமே இருந்தன. மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போகும், கட்டுப்படுத்த வழியில்லை. அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் 1906-07 வாக்கில் இடையில் கிரிட்டை வைத்த பிறகுதான் பெருக்குதல் சாத்தியமானது.

மூன்று உறுப்பு வால்வுக்கு ஒரு குறை உண்டு. ஓட்டம் கூடும்போது பிளேட்டின் மின்னழுத்தம் இறங்கும். இறங்கினால் இழுவை குறைந்து ஓட்டமும் தடைப்படும். இதனால் பெரிய சக்தி எடுக்க முடிவதில்லை. இதற்காக ஸ்க்ரீன் கிரிட் என்ற இன்னொரு சுருளைச் சேர்த்து, அதை நிலையான உயர் மின்னழுத்தத்தில் வைத்தார்கள். பிளேட் எப்படி ஏறி இறங்கினாலும் எலெக்ட்ரான்களை இழுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பிலிப்ஸ் நிறுவனத்தில் பெர்னார்ட் டெலகன் 1926-இல் உருவாக்கிய பென்டோடு என்ற ஐந்து உறுப்பு வால்வு, அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1936-இல் வெளியிட்ட 6எல்6 என்ற பீம் வால்வு, இவை அந்த வழியில் வந்தவை. இன்றைய கிட்டார் ஆம்ப்களில் இருக்கும் 6எல்6, 6வி6, இஎல்34, இஎல்84 எல்லாம் இந்தக் குடும்பத்தினர்தான்.

இவற்றுள் ஒன்றுகூடக் கிட்டாருக்காகப் பிறந்ததல்ல. ரேடியோ, திரையரங்கு, பொதுக்கூட்ட ஒலிபெருக்கி என்று வேறு வேலைகளுக்காக வந்தவை. பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இஎல்84 அறிமுகமான முகமாகவே இருக்கும்.

ஸ்பீக்கரிலிருந்து தொடங்கும் கணக்கு

பவர் ஆம்ப் வடிவமைப்பை வால்விலிருந்து தொடங்குவதைவிட ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போனால் தெளிவாகப் புரியும். ஒரு உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: 8 ஓம் ஸ்பீக்கர், 50 வாட், ஒரு ஜோடி 6எல்6ஜிசி வால்வுகள், 450 வோல்ட் சப்ளை.

8 ஓமில் 50 வாட் வேண்டுமென்றால் 20 வோல்ட், 2.5 ஆம்பியர் கொடுக்க வேண்டும். மின்னழுத்தம் குறைவு, மின்னோட்டம் மிக அதிகம். வால்வின் சுபாவம் நேர் எதிர். நூற்றுக்கணக்கான வோல்ட்டை அது சுலபமாக ஆட்டும். ஆனால் அதன் கேத்தோடிலிருந்து கிடைப்பது சில நூறு மில்லி ஆம்பியர்தான். நேராக இணைத்தால் ஸ்பீக்கர் முனகக்கூடச் செய்யாது.

இந்த இரண்டு சுபாவங்களுக்கும் நடுவில் நிற்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். இரும்புத் தகடுகளின் மேல் இரண்டு கம்பிச் சுற்றுகள்: வால்வுப் பக்கம் பிரைமரி, ஸ்பீக்கர் பக்கம் செகண்டரி. பிரைமரியில் சுற்றுகள் 26.5 மடங்கு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் 26.5 மடங்கு குறையும், மின்னோட்டம் 26.5 மடங்கு கூடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்சாரத்துக்கு ஒரு பொருள் காட்டும் தடை. ஒன்று ஏறி மற்றது இறங்குவதால் இம்பிடன்ஸ் 26.5-இன் வர்க்கமாக, சுமார் 700 மடங்கு மாறும். ஸ்பீக்கரின் 8 ஓம், வால்வின் கண்ணுக்கு 5,600 ஓமாகத் தெரியும்.

இப்போது அதே 50 வாட்டை வால்வுப் பக்கத்திலிருந்து பாருங்கள். 5,600 ஓமில் 50 வாட் என்றால் சுமார் 529 வோல்ட், 94 மில்லி ஆம்பியர். வால்வுக்குப் பிடித்த எண்கள் இவை. 6எல்6ஜிசி ஜோடிக்கு 450 வோல்ட்டில் தயாரிப்பாளர் அட்டவணை சொல்லும் சுமையும் இதே 5,600 ஓம்தான்.

இதிலிருந்து இரண்டு நடைமுறை விஷயங்கள் விளங்கும். ஆம்ப்பின் பின்னால் 4, 8, 16 ஓம் என்று தனித்தனித் துளைகள் இருப்பது, எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் வால்வுக்கு அதே 5,600 ஓம் தெரிய வேண்டும் என்பதற்காக. 8 ஓம் துளையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வு 2,800 ஓமைத்தான் பார்க்கும்; தேவைக்கு மேல் மின்னோட்டம் இழுக்கப்படும்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பில் வாசிக்கவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இரும்பில் சேரும் காந்தச் சக்திக்குப் போக்கிடம் இல்லாவிட்டால், பிரைமரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். கம்பியின் காப்பு துளைபடும், வால்வின் சாக்கெட்டில் தீப்பொறி பாயும். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் சும்மா இருக்கும். இரண்டு முனையும் ஒட்டிக்கொள்வதுதான் அதற்கு ஆபத்து. அந்தப் பழக்கத்தோடு வால்வு ஆம்ப்புக்கு வருபவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் எடைக்கும் காரணம் உண்டு. ஒரே மின்னழுத்தத்தில் சுருதி பாதியாக இறங்கினால் இரும்பு தாங்க வேண்டிய காந்தப் பாயம் இரட்டிப்பாகும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாருக்கு 41 ஹெர்ட்ஸ். அதனால் ஒரே வாட்டுக்குப் பாஸ் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாகவே இருக்கும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி ஆறு அவுட்புட் வால்வுகளோடு 300 வாட் பாஸ் ஆம்ப். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இதுவரை பார்த்தது: சிறிய மின்னழுத்தம் கிரிட்டை அசைக்கிறது, பவர் சப்ளையின் பெரிய மின்சாரம் அதன்படி பாய்கிறது, அதை ஸ்பீக்கருக்கு ஏற்ற வோல்ட்டாகவும் ஆம்பியராகவும் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றித் தருகிறது.

ஒரு வால்வா, இரண்டா?

ஒரே ஒரு அவுட்புட் வால்வு வைத்தும் ஆம்ப் கட்டலாம். ஃபெண்டர் சாம்ப் அப்படிப்பட்டது: ஒரு 6வி6, சுமார் 5 வாட். இந்த அமைப்பை சிங்கிள்-எண்டட் என்பார்கள். இசை இல்லாதபோதும் வால்வில் ஒரு நிலையான மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அது கூடவும் குறையவும் இடம் இருக்கும். அந்த நிலையான ஓட்டம் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பை ஒரே பக்கமாகக் காந்தமாக்குவதால், இரும்பில் சிறு காற்று இடைவெளி விட வேண்டும். அதே தாழ்ந்த சுருதிகளைக் கொண்டுவர இரும்பும் பெரிதாக வேண்டும். 5 வாட்டுக்குப் பரவாயில்லை. 50 வாட்டுக்குக் கட்டுப்படியாகாது.

பெரிய ஆம்ப்களில் புஷ்-புல் அமைப்பு இருக்கும். பிரைமரிச் சுற்றின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வால்வு. நடுவிலிருந்து 450 வோல்ட் சப்ளை. ஒரு வால்வில் ஓட்டம் ஏறும்போது மற்றதில் இறங்கும். இதற்கு ஒரே குறிப்பின் இரண்டு பிரதிகள் வேண்டும், ஒன்று மற்றதன் தலைகீழாக. அதைச் செய்து கொடுக்கும் சிறு வால்வுச் சுற்றுக்கு ஃபேஸ் இன்வெர்ட்டர் என்று பெயர். பெரும்பாலும் ஒரு 12ஏஎக்ஸ்7 அந்த வேலையைச் செய்யும். இரண்டு வால்வுகளின் நிலையான ஓட்டங்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் இரும்பின் காந்தம் ரத்தாகிவிடும்.

ரத்தாவது அது மட்டுமல்ல. ஹார்மோனிக் என்றால் ஒரு சுரத்தின் அதிர்வெண்ணின் முழு மடங்குகள்: 110 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 220, 330, 440 என்று போகும். வால்வு அலையின் மேல் பாதியைச் சற்றுப் பெரிதாகவும் கீழ்ப் பாதியைச் சற்றுச் சிறிதாகவும் பெருக்கினால் இரண்டு, நான்கு என்ற இரட்டைப்படை மடங்குகள் சேரும். புஷ்-புல்லில் ஒரு வால்வின் மேல் பாதி வரும்போது மற்றதன் கீழ்ப் பாதி வருகிறது. இரண்டும் கூடினால் அலை இருபுறமும் சமமாகிவிடும். இந்த ஜோடி உண்டாக்கிய இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மூன்று, ஐந்து என்ற ஒற்றைப்படை மடங்குகள். பிரீஆம்ப்பில் பிறந்த இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் குறிப்பின் பகுதியாகவே வருவதால் அவை அப்படியே கடந்து போகும். ஆகவே ஐம்பது வாட் ஆம்ப்பின் அவுட்புட் வால்வுகள் தம் எல்லையைத் தாண்டி முறுகும்போது கேட்கும் அந்த அடர்த்திக்கு இரட்டைப்படை ஹார்மோனிக்கைக் காரணம் சொன்னால் பொருந்தாது. அந்த இடத்தில் அவற்றைத் துடைத்தெடுக்கும் அமைப்புதான் இருக்கிறது.

கிளாஸ் ஏ என்ற பட்டம்

வால்வுகள் எவ்வளவு நேரம் வேலை செய்கின்றன என்பதை வைத்துத்தான் கிளாஸ் பிரிக்கிறார்கள். அலையின் முழுச் சுழற்சியிலும் இரண்டு வால்வும் மின்சாரம் கடத்தினால் கிளாஸ் ஏ. ஒவ்வொன்றும் சரியாகப் பாதிச் சுழற்சிக்கு மட்டும் கடத்தினால் கிளாஸ் பி. மெதுவாக வாசிக்கும்போது இரண்டும் கடத்தி, பலமாக வாசிக்கும்போது ஒன்று சிறிது நேரம் முற்றிலும் நின்றுபோனால் கிளாஸ் ஏபி. தரத்துக்கும் இந்த எழுத்துகளுக்கும் சம்பந்தமில்லை. கிளாஸ் ஏ-யில் எடுத்த சக்தியில் அதிகபட்சம் 50 சதவீதம்தான் ஓசைக்கான மின்சாரமாக வெளிவரும், அதுவும் ஏட்டுக் கணக்கில். கிளாஸ் பி-யில் 78.5 சதவீதம் வரை போகலாம்.

இந்த எண்களை வைத்தே வாக்ஸ் ஏசி30 பற்றிய வழக்கைத் தீர்க்கலாம். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் இருந்த ஜேஎம்ஐ நிறுவனத்தில் டிக் டென்னி வடிவமைத்து, 1960 வாக்கில் பெயர்பெற்ற ஆம்ப் அது. நான்கு இஎல்84 வால்வுகள். ஒவ்வொன்றின் பிளேட்டும் தாங்கக்கூடிய வெப்பம் 12 வாட், நான்குக்கும் 48. கிளாஸ் ஏ ஆம்ப் சும்மா இருக்கும்போது சப்ளையிலிருந்து இழுக்கும் சக்தி முழுவதும் பிளேட்டில் வெப்பமாகிறது. அப்படியானால் வரம்புக்குள் எடுக்கக்கூடியது 48 வாட், அதில் ஏட்டுக் கணக்கின்படியே பாதி 24 வாட். நிஜத்தில் அதைவிடக் குறைவு. 30 வாட் எங்கிருந்து வரும்? திருகைக் கூட்டும்போது ஏசி30 கிளாஸ் ஏபி-யில்தான் ஓடுகிறது. அதனால் அது தாழ்ந்துவிடவில்லை. எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று. அதன் தனித்தன்மைக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, கீழே வரும்.

பயாஸ்: சும்மா இருக்கும்போது எவ்வளவு?

வாசிக்காதபோது வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓடலாம் என்பதைத் தீர்மானிக்கும் கிரிட் மின்னழுத்தமே பயாஸ். நம் உதாரணத்து 6எல்6ஜிசி-க்கு அது மைனஸ் 40 வோல்ட்டை ஒட்டி இருக்கும்.

கணக்கு எளியது. 6எல்6ஜிசி பிளேட் தாங்கும் வெப்பம் 30 வாட். கிளாஸ் ஏபி ஆம்ப்பில் சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது தொழிலில் இருப்பவர்களின் வழக்கம்: 21 வாட். 450 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 47 மில்லி ஆம்பியர். இஎல்34 தாங்குவது 25 வாட். அதே முறையில் 39 மில்லி ஆம்பியர். இது உச்சவரம்பு மட்டுமே. இதைவிடக் குறைவாக வைத்து, காதுக்கு நன்றாக இருந்தால், அங்கேயே விட்டுவிடலாம். வால்வு அதிக நாள் உழைக்கும்.

மிகக் குறைத்தால் ஒரு வால்வு நின்று மற்றது தொடங்கும் இடத்தில் அலையில் சிறு பள்ளம் விழும். சத்தம் குறைவாக வாசிக்கும்போது சுரம் கரகரக்கும். மிகக் கூட்டினால் பிளேட் செந்நிறமாகக் கனன்று வால்வு சீக்கிரம் சாகும். ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி இயல்பானது; சாம்பல் நிறப் பிளேட் தகடே சிவந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

பயாஸ் கொடுக்க இரண்டு வழிகள். தனி எதிர்மின் சப்ளை ஒன்றிலிருந்து கிரிட்டுக்குக் கொடுப்பது ஃபிக்ஸட் பயாஸ். கேத்தோடின் கீழ் ஒரு ரெசிஸ்டரை வைத்து, வால்வின் ஓட்டமே கேத்தோடை நேர்மின் பக்கம் உயர்த்தும்படி செய்வது கேத்தோடு பயாஸ். இரண்டாவது முறையில் பலமாக வாசிக்க வாசிக்க வால்வு தன்னைத் தானே கொஞ்சம் அடக்கிக்கொள்ளும். வாசிக்கும் விரலுக்கு ஒரு நெகிழ்ச்சி தெரியும். சாம்ப், ஏசி30 இரண்டும் கேத்தோடு பயாஸ். அதிக வாட், இறுக்கமான பாஸ் வேண்டும் என்பவர்கள் ஃபிக்ஸட் பக்கம் போவார்கள்.

பயாஸ் அளக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியிருப்பதால் இங்கே ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 450 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அது உயிரை எடுக்கும் அளவு. ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரால் அளந்து, பூஜ்யத்துக்கு வந்ததை உறுதிசெய்யாமல் கையை வைக்கக்கூடாது. தெரிந்த ஒருவர் அருகில் நின்று சொல்லித்தரும்வரை பெட்டியை மூடியே வைத்திருங்கள்.

சப்ளை தளரும்போது

மதகை அகலத் திறந்தால் சிறிய ஏரியில் நீர்மட்டம் சற்று இறங்கும். பெரிய ஏரியில் தெரியாது. பவர் சப்ளையும் அப்படித்தான். சுவர் மின்சாரத்தை ஒரு திசை மின்சாரமாக மாற்றுவது ரெக்டிஃபையர். அதைத் தேக்குவது கெப்பாசிட்டர். பழைய ஆம்ப்களில் ரெக்டிஃபையரும் ஒரு வால்வே. அதற்குள் ஒரு தடை இருப்பதால், மின்னோட்டம் கூடினால் அதில் இழக்கும் மின்னழுத்தமும் கூடும். 225 மில்லி ஆம்பியரில் ஜிஇசட்34 வால்வு சுமார் 17 வோல்ட் தின்னும். 5யூ4ஜிபி 40 வோல்ட்டுக்கு மேல்.

கிளாஸ் ஏபி ஜோடி சும்மா இருக்கும்போது இழுப்பதைப் போல இரு மடங்கு வரை முழுச் சத்தத்தில் இழுக்கும். கம்பியை அழுத்தி மீட்டிய கணத்தில் சப்ளை இறங்கும், சுரத்தின் தலை சற்று மழுங்கும். சுரம் அடங்க அடங்க சப்ளை மீண்டு வரும், அதனால் சுரம் நீண்டு ஒலிப்பதாகக் காதுக்குப் படும். வாசிப்பவர்கள் இதை ‘சேக்’ என்பார்கள். புளூஸ் வாசிப்பவருக்கு அது வரம். வேகமாக வெட்டி வெட்டி வாசிப்பவருக்குத் தொல்லை. ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் சிலிக்கான் டயோடு வைத்தால் இந்தத் தளர்ச்சி பெரிதும் குறையும். 1960-களிலேயே பெரிய ஆம்ப்கள் டயோடுக்கு மாறத் தொடங்கின.

கவனிக்க வேண்டியது: சிங்கிள்-எண்டட் கிளாஸ் ஏ ஆம்ப்பில் சராசரி மின்னோட்டம் ஏறக்குறைய மாறாது, ஆகவே சப்ளையும் அதிகம் தளராது. ‘கிளாஸ் ஏ என்பதால்தான் இந்த நெகிழ்ச்சி’ என்று சொல்வது இதனால் பொருந்துவதில்லை.

ஸ்பீக்கர் திருப்பிப் பேசுகிறது

8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓம் காட்டுவதில்லை. கூம்பு தன்னியல்பாக அதிரும் சுருதி ஒன்று உண்டு. 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸ். அங்கே இம்பிடன்ஸ் பல மடங்கு எகிறும். மேல் சுருதிகளிலும் காயிலின் இண்டக்டன்ஸால், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணத்தால், படிப்படியாக ஏறும்.

பென்டோடு, பீம் வால்வுகளுக்கு உள்தடை மிக அதிகம். எதிரே எவ்வளவு இம்பிடன்ஸ் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கும் சுபாவம் அவற்றுக்கு. இம்பிடன்ஸ் ஏறிய இடத்தில் அதே மின்னோட்டத்தைத் தள்ளினால் மின்னழுத்தம் ஏறும், ஓசையும் ஏறும். ஆகவே தாழ்ந்த பக்கம் ஒரு உருண்டையும் உச்சியில் ஒரு பளிச்சும் தானாகச் சேர்ந்துவிடும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் உள்தடை மிகக் குறைவு. ஸ்பீக்கர் என்ன காட்டினாலும் அதே மின்னழுத்தம் கொடுக்கும். ஒரே ஸ்பீக்கரை இரண்டிலும் மாட்டிக் கேட்டால் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான். என் மட்டில், வால்வு ஓசை பற்றி ஒருவர் ஒரே ஒரு விஷயம் படிக்கலாம் என்றால் இதைப் படிக்கச் சொல்வேன்.

இந்தச் சுபாவத்தை அடக்க ஒரு கடிவாளம் இருக்கிறது. ஸ்பீக்கர் முனையிலிருந்து சிறு பங்கை எடுத்து, ஃபேஸ் இன்வெர்ட்டரில் தலைகீழாகச் சேர்த்தால், வெளியீட்டில் ஏற்படும் பிசகுகள் தானே திருத்தப்படும். இதற்கு நெகட்டிவ் ஃபீட்பேக் என்று பெயர். அதிகம் கொடுத்தால் உள்தடை குறையும், ஓசை ஒழுங்காகும், ஆனால் எல்லை தாண்டும்போது அலையின் தலை திடீரென வெட்டுப்படும். குறைத்தால் அல்லது விட்டுவிட்டால் முறுகல் மெல்ல மெல்ல வரும். ஏசி30-இல் இந்த ஃபீட்பேக் இல்லை. அதோடு கேத்தோடு பயாஸும் சேர்ந்ததே அதன் தனித்தன்மை. பல ஆம்ப்களில் காணும் பிரசன்ஸ் திருகு, மேல் சுருதிகளில் மட்டும் ஃபீட்பேக்கைக் குறைத்து அந்தப் பளிச்சைத் திரும்பக் கொண்டுவருகிறது.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான உயர்தர ஆம்ப்களை வடிவமைப்பவர்கள் இந்தக் குறைகளை எல்லாம் ஒழிக்கப் பாடுபட்டார்கள். கிட்டார் ஆம்ப்பில் எந்தக் குறையை எவ்வளவு விட்டுவைப்பது என்பதே கைத்திறன்.

வாட்டும் சத்தமும்

வாட் எங்கும் வாட்தான். வால்வு ஆம்ப்பில் 50 என்று எழுதுவது அலை வெட்டுப்படத் தொடங்கும் அளவு. கிட்டார்காரர் அதைத் தாண்டியும் திருகுவார், ஏனென்றால் அங்கே ஓசை கெடாமல் கனிகிறது. முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலைக்கு, அதே உயரமுள்ள வளைந்த அலையைப் போல் இரு மடங்கு சக்தி உண்டு. சப்ளை தளர்வதால் முழு இரு மடங்கு வராவிட்டாலும், 50-க்கு மேல் கணிசமாக வரும். கரகரப்புக்கு அஞ்சி 50 வாட்டுக்குள் ஓட்டப்படும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அது அமுக்கிவிடுவதில் மாயம் ஒன்றுமில்லை.

காதின் கணக்கும் வேறு. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். 97 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் சத்தம்) கொண்ட ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும். அந்த ஸ்பீக்கரோடு 5 வாட் சாம்ப்பே ஒரு மீட்டர் தூரத்தில் 107 டெசிபல் எட்டும். வீட்டுக்கு அதுவே அதிகம். வால்வை மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது: முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

ஒரே வரைபடம், இரண்டு ஆம்ப்

இத்தனையும் ஒன்றாகச் செயல்படுவதைக் காட்ட ஒரு நிஜ வரலாறு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ஃபெண்டர் நிறுவனம் பாஸ் கிட்டாருக்காக பாஸ்மன் என்ற ஆம்ப்பைச் செய்தது. 1958 முதல் 1960 வரை வந்த அதன் 5எஃப்6-ஏ வடிவம் கிட்டார்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 6எல்6-இன் உறுதியான வகையான 5881 இரண்டு, ஜிஇசட்34 ரெக்டிஃபையர், பின்பக்கம் திறந்த பெட்டிக்குள் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள்.

மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்க ஆம்ப்கள் பிரிட்டனில் விலை அதிகமாக இருந்ததால், 1962-இல் அவருடன் இருந்த கென் பிரானும் டட்லி கிரேவனும் 5எஃப்6-ஏ வரைபடத்தை அடிப்படையாக வைத்து ஒரு ஆம்ப் கட்டினார்கள். அது ஜேடிஎம்45 ஆயிற்று. வரைபடத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் உள்ளூரில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர் போட்டார்கள். வால்வுகள் சீக்கிரமே கேடி66 ஆயின. பிரீஆம்ப்பின் முதல் வால்வு அதிகம் பெருக்கும் வகையாக மாறியது. பாஸ்மனில் ஃபீட்பேக் 2 ஓம் ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுக்கப்பட்டது; மார்ஷலில் 16 ஓம் முனையிலிருந்து. ஒரே வாட்டுக்கு 16 ஓமில் மின்னழுத்தம் 2.8 மடங்கு என்பதால், ரெசிஸ்டரை மாற்றாமலே ஃபீட்பேக் கூடிவிட்டது. ஸ்பீக்கர்களோ பின்பக்கம் மூடிய தனிப்பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன்கள். ஃபெண்டரின் பளிச்சென்ற ஓசை போய், நடுச்சுருதி தடித்த இன்னொரு ஓசை பிறந்தது.

பின்னர் வால்வு இஎல்34-க்கு மாறி, ஜோடிக்கான பிரைமரி இம்பிடன்ஸ் 3,400 ஓம் ஆயிற்று. 1965 வாக்கில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் கேட்க, 100 வாட் ஆம்ப் வந்தது. நான்கு வால்வுகள் சேர்ந்தால் மின்னோட்டம் இரட்டிப்பு, ஆகவே பிரைமரி பாதியாகி 1,700 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் பெரிது, எடை அதிகம், கிடைத்தது 3 டெசிபல். மேடைக்கு வேண்டிய மீதியை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பெட்டிகளின் எட்டு ஸ்பீக்கர்கள் கொடுத்தன.